கவுன்சிலர் இருக்காரா?

1

சும்மா யாரும் ஒரு வீட்டு வாசலுக்கு வர மாட்டார்கள். ஓட்டுக்கு வருவார்கள், வசூலுக்கு வருவார்கள், பெண் கேட்டு வருவார்கள். இந்த மூன்றும் இல்லாமல் ஒருவர் வந்து கதவைத் தட்டி, "எப்படி இருக்கிறீர்கள், உங்கள் தெருவில் ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டால், முதலில் வாசலில் விட்ட செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஆரணியில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, டொராண்டோவை ஒட்டிய இந்தப் புறநகரில் எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் இரண்டு பேர். ஒருவர் நல்ல உயரம், வெள்ளைத் தாடி, கம்பளிக் கோட்டு, கையில் ஒரு கட்டு நோட்டீஸ். அவர் பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு குள்ளமான அம்மாள். அந்த அம்மாள்தான் முதலில் பேசினார். குளிரில் வாய் நடுங்கப் பேசியதில் கவுன்சிலர், இந்த வட்டாரம், உங்கள் குறைகள் என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. தேர்தல் எதுவும் பக்கத்தில் இல்லை. பின்னே ஏன் வந்திருக்கிறார்கள்?

என் மனைவி வசந்திக்கு என்னைவிட வேகமாகச் சந்தேகம் வரும். எங்கள் வீட்டின் அடித்தளத்தில், தரைக்குக் கீழே உள்ள அறைகளில், ஒருவரை வாடகைக்கு வைத்திருக்கிறோம். நகரசபையில் அதைப் பதிவு செய்யவில்லை. இங்கே பாதித் தெரு அப்படித்தான். வசந்தி என் முதுகுக்குப் பின்னால் நின்றபடி, அந்த வாடகைக்காரரின் பெரிய ஷூக்களைக் காலாலேயே கதவு மறைவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் குறை இல்லைன்னு சொல்லி அனுப்புங்க" என்று பல்லுக்குள் சொன்னாள்.

ஆனால் எனக்கு ஒரு குறை இருந்தது. பனிக்காலத்தில் நகரசபை வண்டி வந்து தெருவை அழகாகச் சுத்தம் செய்யும். அள்ளிய பனியை எல்லாம் வரிசையாக எங்கள் வாசல்களின் குறுக்கே கரை கட்டிவிட்டுப் போகும். வசந்திக்கு விடியற்காலை ஷிப்ட். முதியோர் இல்லத்தில் வேலை. கல்லாக இறுகிய அந்தப் பனியை இடித்து ஒதுக்கினால்தான் காரை வெளியே எடுக்க முடியும். தெரு சுத்தமாவது வீட்டு வாசலின் செலவில்தான் என்பது ஆரணிக்கும் கனடாவுக்கும் பொது.

சரி, வந்ததற்குக் கேட்டுவைப்போம் என்று கேட்டேன். அந்தத் தாடிக்காரரைப் பார்த்துத்தான் கேட்டேன். அவர் அந்த அம்மாளைப் பார்த்தார். அம்மாள் பதில் சொன்னார். நான் பதிலைக் கேட்டுக்கொண்டு, அடுத்த கேள்வியைத் தாடிக்காரரிடம் போட்டேன். அவர் மறுபடியும் அம்மாளைப் பார்த்தார். பெரிய மனுஷன், கூட வந்தவளுக்கும் பேச இடம் கொடுக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் மரியாதைகூட வந்தது. கடைசியில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்" என்று சொல்லி அனுப்பினேன்.

கதவைச் சாத்தினதும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த என் மகள் காவ்யா எழுந்தாள். பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்தவள்.

"அப்பா, ஏன் அந்த அங்கிள்கிட்டயே பேசினீங்க?"

"கவுன்சிலர்கிட்டதானேம்மா பேசணும்?"

"அவங்கதான் கவுன்சிலர். அவரு நோட்டீஸ் குடுக்க வந்த வாலண்டியர். நீங்க அவங்க மூஞ்சியக்கூடப் பாக்கல."

அவர் கொடுத்துவிட்டுப் போன நோட்டீஸைப் புரட்டிப் பார்த்தேன். சிவப்புத் தொப்பி அம்மாள்தான் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்.

2

காவ்யா அதோடு விடவில்லை. எனக்கு மரியாதை தெரியாதாம், "ரூட்" என்றாள், "ஸோ எம்பாரஸிங்" என்றாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். அவளுக்கு எப்படிச் சொல்வது? அப்பா வேண்டுமென்று செய்யவில்லை, அப்பா பழகிய கவுன்சிலர் அப்படி என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், நான் கனடா வந்த பிறகு முதன்முறையாக லீவில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வார்டு அப்போது பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஜெயித்தவர் பெயர் தனலட்சுமி. ஆனால் ஊரில் கவுன்சிலர் என்றால் அவர் கணவர் சேகர்தான். சேகருக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சிமெண்டு, கம்பி விற்கிற கடை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "வணக்கம் கவுன்சிலரே" என்பார்கள். அவரும் கூசாமல் வணக்கம் வாங்கிக்கொள்வார். போஸ்டரில் மட்டும் தனலட்சுமி கைகூப்பி இருப்பார், அவருக்கு மேலே அவரைவிடப் பெரிதாகச் சேகர் இருப்பார்.

எங்கள் தெரு முழுக்கப் பட்டுத் தறி. என் அண்ணன் ஏகாம்பரமும் அண்ணி சரோஜாவும் முன்கூடத்தில் ஒரு குழித்தறி வைத்து நெய்கிறார்கள். குழித்தறி பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். குழி வீட்டுக்குள் இருக்கிறது, ஆனால் அதன் தலையெழுத்து தெருவில் இருக்கிறது. தெரு உயர்ந்தால் மழைத்தண்ணீரும் சாக்கடைத்தண்ணீரும் முதலில் தேடி வருவது அந்தக் குழியைத்தான்.

தெரு உயர்ந்துகொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு கவுன்சிலரும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போட்டுப் பெயர் வாங்கினார்கள். என் சின்ன வயதில் வீட்டுக்குள் போக இரண்டு படி ஏற வேண்டும். அந்த லீவில் போனபோது ஒரு படி இறங்கிப் போனேன். கார்த்திகை மழை விட்டும் தறிக்குழியில் தண்ணீர் வற்றவில்லை. அண்ணி ஒரு மரக்கட்டையைக் குழிக்குள் போட்டு, அதன் மேல் காலை வைத்து நெய்துகொண்டிருந்தார். ஈரம் ஏறி ஒரு புடவையின் ஜரிகை கறுத்துவிட்டது என்று, கூலிக்கு நெய்யப் பட்டு கொடுக்கிற முதலாளி திருப்பி அனுப்பியிருந்தார். இன்னொரு புடவை அப்படித் திரும்பினால் இனிமேல் பட்டு கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டிருந்தார். அதைச் சொல்லும்போது அண்ணியின் குரல் இறங்கிப் போனது. அந்த வீட்டுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

இந்த நேரத்தில்தான் சேதி வந்தது: எங்கள் தெருவுக்குப் புது ரோடு.

3

நாங்கள் கேட்டது சாக்கடையை ஆழப்படுத்தித் தரச் சொல்லி. வருவது ரோடு. சிமெண்டு ரோடு. சேகருக்குச் சிமெண்டுக் கடை. இதற்கு மேல் எங்கள் தெருவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தெருக்காரர்கள் கும்பலாகக் கவுன்சிலர் வீட்டுக்குப் போனோம். அண்ணன்தான் முன்னால். கதவைத் திறந்தவர் தனலட்சுமி. மாவுக் கையோடு வந்திருந்தார்.

"கவுன்சிலர் இருக்காரா?" என்று அண்ணன் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு அன்று கொஞ்சமும் உறுத்தவில்லை. தனலட்சுமிக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. "இருக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சேகர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பழைய ரோட்ட தோண்டிட்டு அப்புறமா புதுசு போடுங்க" என்றார் அண்ணன். "இல்லன்னா தண்ணி மொத்தமும் எங்க தறிக்குழியில வந்து உக்காந்துகினு போவ மாட்டேங்குது."

"தோண்டறதுன்னா சும்மாவா? அதுக்கெல்லாம் மேல கேக்கணும்."

"கேளுங்களேன்."

"ஆவட்டும், பாக்கலாம். அம்மாகிட்ட சொல்லி வெக்கறேன்."

அம்மா கதவுக்குப் பின்னால் டீத் தட்டோடு நின்றுகொண்டுதான் இருந்தார். இவர் அவரிடம் எதைச் சொல்லி வைக்கப் போகிறார்? திரும்பி வரும்போது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ரோடு போடுகிற காண்டிராக்டரே சேகரின் கூட்டாளிதான் என்றார் ஒருவர். அந்த அம்மா வாயில்லாப் பூச்சி, கையெழுத்துப் போடத்தான் லாயக்கு என்றார் ஒருவர். வாயில்லாப் பூச்சிதான் ஜாஸ்தி கடிக்கும் என்றார் இன்னொருவர். என்னையும் விடவில்லை. "ஃபாரின்காரரு எதுக்கு நம்மகூட சுத்துறாரு, வீட்ட விக்கப் பாக்கறாரோ?" என்று பின்னால் யாரோ கேட்டது என் காதில் விழுந்தது.

சில நாளில் தெருமுனையில் ஜல்லியும் மணலும் வந்து இறங்கின. தோண்டுகிற ஆளையும் காணோம், கடப்பாரையையும் காணோம்.

4

எங்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவைத் தெருவில் நீட்ட வேண்டும். பாவு என்பது புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற பட்டு இழைகள். விடியற்காலையில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மூங்கில் கால்களின் மேல் அதைக் கட்டி நீட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளைப் பிணைத்து, வெயிலில் காயவிட்டுச் சுருட்டுவார்கள். தெருவை வீட்டுக்கு ஒரு முறை என்று பிரித்துக்கொள்வார்கள். பாவு நீட்டியிருக்கும்போது யாரும் அதைத் தாண்டக்கூடாது, தள்ளக்கூடாது. கல்யாண ஊர்வலமானாலும் அடுத்த தெருவைச் சுற்றித்தான் போகும்.

ரோடு போட ஆட்கள் வருகிற அன்று முறை யாருக்கு என்று தெரு பார்க்கவில்லை. முதலில் அண்ணன் வீட்டுப் பாவு நீண்டது. அது காய்வதற்குள் எதிர்வீட்டுக்காரர் தன் பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அடுத்தவர். முறையே இல்லாத ஒரு வீடு, என்றைக்கோ கிடப்பில் போட்ட பருத்திப் பாவைத் தூசி தட்டி எடுத்து வந்தது. கலவை இயந்திரத்தை இழுத்து வந்த வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது.

"இன்னாபா, ரோடு வேணுமா வேணாமா?" என்று கத்தினார் மேஸ்திரி.

"தாராளமா போடுங்க" என்றார் அண்ணன். "பாவு காஞ்சதும் எடுத்துடறோம்."

"எப்போ காயும்?"

"வெயில கேளுங்க மேஸ்திரி."

சேகர் ஸ்கூட்டரில் வந்தார். "உங்க நல்லதுக்குத்தான்யா போடறது, ஏன்யா பேஜார் பண்றீங்க?" என்று பாவுக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார். பாவைத் தொட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஊரில் இருந்துகொண்டு பாவில் கை வைத்தவன் என்ற பெயரை எடுக்க முடியாது. ஒருத்தரும் பாவைச் சுருட்டாததால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அப்புறம் தனலட்சுமி வந்தார். தெருவின் அந்தக் கோடியிலிருந்து தனியாக நடந்து வந்தார். எல்லாரும் இழையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். அழப் போகிறார், காலில் விழப் போகிறார், புருஷன் சொல்லி அனுப்பியிருக்கிறான் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் அழவில்லை. அண்ணிக்கு எதிரே, பாவுக்கு மறுபக்கம் நின்று, அறுந்த ஓர் இழையை எடுத்து, விரல் நுனியை நனைத்துப் பிணைக்க ஆரம்பித்தார். அவரும் தறிக்காரர் வீட்டுப் பெண்தான். அது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு அதை மறந்துபோயிருந்தோம்.

இரண்டு பேரும் நாலைந்து இழை பிணைத்தார்கள். பிறகு தனலட்சுமி கேட்டார். "குழியில எவ்ளோ தண்ணி நிக்குது சரோஜா?"

"நான் இன்னாத்துக்கு சொல்லணும்? நீயே வந்து பாரு தனம்."

வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியில் காலை விட்டார். கணுக்கால் முழுகியது. அப்படியே தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்துப் பார்த்தார். சாக்கடை வாடை மேலே வந்தது. எழுந்து, ஈரக் காலோடு நேரே மேஸ்திரியிடம் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"மொதல்ல பழைய ரோட்ட தோண்டுங்க. சாக்கடைய எறக்குங்க. அப்புறமா ஜல்லி போடலாம்."

"சார ஒரு வார்த்த கேட்டுக்கறேம்மா" என்றார் மேஸ்திரி.

"எந்த சார?"

மேஸ்திரி கலவை வண்டிப் பக்கம் திரும்பினார்.

"பில்லுல கையெழுத்து போடறது யாருங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். அந்த வாரமே தோண்டும் ஆட்கள் வந்தார்கள். அடுத்த மழைக்கு அண்ணியின் தறிக்குழி காய்ந்து கிடந்தது என்று அண்ணன் போனில் சொன்னார்.

5

இங்கே கதை முடிந்து, தெருக்காரர்கள் தனலட்சுமிக்கு மாலை போட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். எங்கள் தெருவை உங்களுக்குத் தெரியாது.

"புருஷனும் பொண்டாட்டியும் பேசி வெச்சிகினு ஆடறாங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். "அவரு அடிப்பாராம், இவங்க தடவுவாங்களாம்." தோண்டி எடுத்த பழைய ஜல்லி எங்கே போனது என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அது சேகரின் கடைக்குப் பின்னால் கிடப்பதை நேரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தவர்கள் இல்லை என்றார்கள். இல்லை என்றதும் சந்தேகம் இன்னும் வலுத்தது, அதற்குள் விற்றுவிட்டார் என்று. என் அண்ணனே, "அந்தம்மாவுக்கு இதுல ஒண்ணும் இல்லாமலா எறங்கி வந்துச்சு?" என்றுதான் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. இன்றைக்கு வரைக்கும் அதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

பாவு நீட்டிய அன்று, தெருவை விட்டுப் போவதற்கு முன்னால் தனலட்சுமி பெண்களிடம் ஒன்று சொன்னார். "அடுத்த வாட்டி இன்னா கொறன்னாலும் கடைக்கு போவாதீங்க. வீட்டுக்கு வாங்க, என்னாண்ட சொல்லுங்க." அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அடுத்த முறை தெருவிளக்கு எரியவில்லை. தெருக்காரர்கள் சேகர் கடைக்குப் போனார்கள். அதற்கடுத்து குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்கும் கடைக்குத்தான் போனார்கள். பெண்ணிடம் போய் நிற்பதா என்றும் இருக்கலாம், பழக்கமாகவும் இருக்கலாம். அவர் ஏதோ உள்நோக்கத்தோடுதான் கூப்பிடுகிறார் என்ற சந்தேகம் கட்டாயம் இருந்தது.

ஐந்து வருஷம் முடிந்து வார்டு பொதுவானதும் சேகரே நின்றார். எங்கள் தெருச் சுவர்களில் "சிமெண்டு சாலை தந்த செம்மல்" என்று எழுதியிருந்தது. தோற்றுப்போனார். ஆனாலும் ஊருக்கு அவர் கவுன்சிலர்தான். ஒரு நாள்கூட அந்தப் பதவியில் இல்லாத மனிதருக்கு ஆயுசுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பதவியில் இருந்த தனலட்சுமியை இன்றைக்கு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

6

சிவப்புத் தொப்பி அம்மாளுக்குக் காவ்யா என்னைக் கேட்காமலே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள். அப்பா உங்களிடம் சரியாகப் பேசவில்லை, மன்னியுங்கள், எங்கள் வாசல் பனிக்கு என்ன செய்யலாம் என்று. பதிலும் வந்தது, என் பெயருக்கு இல்லை, அவள் பெயருக்கு. உங்கள் குறை எங்களுக்கு முக்கியம், சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று. படித்ததும் சிரித்துவிட்டேன். ஆவட்டும், பாக்கலாம் என்பதை இங்கே இத்தனை மரியாதையாகச் சொல்கிறார்கள்.

"இந்த வீட்டு விலாசத்தைக் கொடுத்தியா?" என்று வசந்தி கேட்டாள்.

"ஆமா. வேற எந்த அட்ரஸ் குடுப்பேன்?"

வசந்தி என்னைப் பார்த்தாள். அன்று முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஜன்னல் பக்கமே இருந்தோம். அடித்தளத்துக்காரரைப் பின்வாசல் வழியாக வந்துபோகச் சொன்னோம். ஆனால் அதற்குப் பின் பெய்த கடைசிப் பனிக்கு ஒரு சின்ன வண்டி வந்து, வாசலில் கட்டிய கரையையும் அள்ளிக்கொண்டு போனது. காவ்யா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கரையை அள்ளத்தான் வந்தார்களா, அந்தச் சாக்கில் அடித்தளத்து ஜன்னலை நோட்டம் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது என்றேன்.

"அப்பா, உங்களுக்கு யாரையுமே நம்பத் தெரியாதா?" என்று கேட்டாள். நல்ல தமிழில், திக்காமல் கேட்டாள். கோபம் வந்தும் அவளுக்குத் தமிழ் போகாதது அதுதான் முதல் தடவை. அதற்காகச் சந்தோஷப்படுவதா, வாக்கியத்துக்காக வருத்தப்படுவதா என்று தெரியாமல் நின்றேன்.

7

ஜூலையில் ஊருக்குப் போனேன். காவ்யா வரவில்லை. ஏதோ கோடை முகாம், தோழிகள் எல்லாம் போகிறார்களாம். போன தடவையும் அப்படித்தான் ஒரு காரணம் இருந்தது.

அண்ணன் வீட்டில் புதுப்பாவு சுருட்டியபடி கிடந்தது. அண்ணி அதை நீட்டாமல் வைத்திருந்தார். தெருமுனையில் ஜல்லி வந்துவிட்டது, ரோடு போடுகிற ஆட்கள் எந்த நாளும் வரலாம் என்றார். புதுக் கவுன்சிலர் ஆண்பிள்ளை, மூன்று தெரு தள்ளி இருப்பவர். பழைய சிமெண்டு ரோட்டின் மேலேயே இன்னொரு ரோடு போடப் போகிறாராம். தெருவில் இப்போது பாதி வீடுகள் விசைத்தறிக்கு மாறிவிட்டன. விசைத்தறிக்குக் குழி கிடையாது. அதனால் எதிர்க்க ஆளும் கிடையாது.

"மறுபடியும் கட்ட மேல கால வெச்சிகினு என்னால நெய்ய முடியாதுப்பா" என்றார் அண்ணி. "முட்டி போயிடுச்சு. குழியில தண்ணி ஏறினா தறிய பிரிச்சிட வேண்டியதுதான்." கொஞ்சம் பொறுத்து, "தனத்த போய் கேளு" என்றார்.

"நீங்க போகக்கூடாதா அண்ணி?"

"நான் போனா அவருதான் வெளிய வருவாரு. நீ ஃபாரின்லருந்து வந்தவன். உள்ள உக்கார வெப்பாங்க."

சாயந்திரம் போனேன். கதவைத் திறந்தவர் தனலட்சுமி. தலை நன்றாக நரைத்திருந்தது. நான் வாய் திறப்பதற்குள், "அவரு கடைல இருக்காருங்க. ஜல்தி வந்துடுவாரு, உக்காருங்க" என்றார்.

"உங்களைப் பாக்கத்தான்கா வந்தேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார், இன்னும் யாராவது நிற்கிறார்களா என்று.

"யாரு அனுப்பிச்சாங்க உங்கள?"

"சரோஜா அண்ணி."

"எதுக்கு?"

சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த சந்தேகம் குறையவில்லை. இத்தனை வருஷம் வராதவர்கள் இன்றைக்கு ஏன் வருகிறார்கள் என்று அவர் யோசித்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் யோசிப்பேன். பிறகு, "தண்ணி இப்ப நிக்குதா குழியில?" என்று கேட்டார்.

"இப்போ இல்லக்கா. ரோடு போட்டா நிக்கும்."

"அன்னிக்கி உங்க தெருவுலருந்து வந்தப்புறம் ஒரு மாசம் அவரு எங்கிட்ட பேசல" என்றார். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. "எனக்கு அது பெருசா தெரியல. நீங்க யாராச்சும் வருவீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

வெட்கமாக இருந்தது, என்னை நினைத்து, எங்கள் தெருவை நினைத்து. அவர் முந்தானையால் நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "ஆபீசுல போயி யாரப் பாக்கணும்னா..." என்று ஆரம்பித்தார். குரலே மாறிவிட்டது. கை வீசிப் பேசினார். யார் நல்லவர், யார் இழுத்தடிப்பார், யாரை முதலில் பார்த்தால் காரியம் கெடும் என்று அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

வாசலில் ஸ்கூட்டர் நின்ற சத்தம் கேட்டது. தனலட்சுமி பேச்சை நிறுத்தி எழுந்தார். சேகர் உள்ளே வந்தார்.

"இவங்க உங்களப் பாக்க வந்திருக்காங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போய்விட்டார்.

நான் மறுக்கவில்லை. சேகர் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, புதுக் கவுன்சிலர் ஒரு தற்குறி என்றும், நானாக இருந்தால் இந்நேரம் முடித்திருப்பேன் என்றும், ஒரு போன் போட்டால் போதும் என்றும் பேசினார். "ஆவட்டும், பாத்துக்கறேன்" என்றார். டீ வந்தது. குடித்துவிட்டு எழுந்தேன். அதற்குள் அவருக்கு போன் வந்தது, ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

தனலட்சுமி என்னை வழியனுப்ப வாசல் கேட் வரைக்கும் வந்தார். கேட்டைச் சாத்துகிற சாக்கில் குனிந்து கேட்டார்.

"சரோஜா வீட்ல நீட்டறதுக்கு பாவு இருக்குதா?"

"இருக்குதுக்கா. புதுப்பாவு."

"நாளைக்கு காலைல நீட்டச் சொல்லுங்க. மொற யாருதா இருந்தாலும் சரி. இழ புணைக்க நான் வரேன்." உள்ளே திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க."

வழி முழுக்க எனக்கு ஒரே யோசனை. வருவாரா, வர விடுவார்களா, இதற்குள் வேறு ஏதாவது இருக்கிறதா? வீட்டுக்குப் போனபோது அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சொன்னாரு கவுன்சிலரு?"

"பாவு நீட்டச் சொன்னாங்க அண்ணி. பிணைக்க வராங்களாம்."

அண்ணி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், பாவுக் கஞ்சிக்கு அரிசி அளந்து எடுத்தார்.